புகார் அறையில் லாவண்டர்

மோகனப்பிரியா கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் புகார் அறையில் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அறைக்கு ஜன்னல் கிடையாது. திட்டும் சத்தம் ஷோரூமுக்குக் கேட்கக் கூடாது என்று கட்டும்போதே யோசித்திருக்கிறார்கள்.

மூலையில் ஒரு வாசனை மெஷின். செடிகொடிகளின் நல்ல வாசம் மூக்கில் ஏறினால் கோபம் இறங்கும் என்பதை மேனேஜர் கிருபாசங்கர் ஏதோ கருத்தரங்கில், மதியச் சாப்பாடு வரை இருந்து, தெரிந்துகொண்டு வந்திருந்தார். மோட்டாரைச் சரிசெய்து கொடுப்பதைவிட இது சல்லிசு.

வேலையும் செய்தது. உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர் தம்பிதுரை, கருகிய மோட்டாரோடும் கம்பெனியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் முடிவோடும் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நாலு நாளா தென்னைக்குத் தண்ணியில்லீங்க…" என்று ஆரம்பித்தவர் மூச்சை இழுத்தார். "இதென்ன வாசமுங்க?"

"லாவண்டருங்கண்ணா. ஒரு பூவுங்க."

"நம்ம மண்ணுக்கு வருமுங்களா?"

அரைமணி நேரம் பூவைப் பற்றியே பேசிவிட்டு, "நல்லா இருக்கோணும் கண்ணு" என்று வாழ்த்திப் போனார். மோட்டார் கருகியபடியே கிடந்தது.

அந்த மாதம் சோமனூர்க் கிளையில் ஓர் இடம் காலியானது. மோகனப்பிரியாவின் வீடும் சோமனூர்தான். அந்தக் கிளைக்கு ஜன்னல் உண்டு. மழை பெய்தால் பெய்வது தெரியும். மாதக் கடைசிக்குள் ஆள் போட்டுவிடுவார்கள். மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள்.

"உன்னை உட்டா அந்த ரூமுக்கு யாரும்மா இருக்கா? ஒரு சண்டை சச்சரவு உண்டா பாரு" என்றார் கிருபாசங்கர்.

அப்படியானால் சண்டை வரவேண்டும். அவள் மெஷினில் லாவண்டர் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தினாள். அது வெறும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருந்தது. உருப்படியாக ஒரு சண்டை வராதா என்று கதவையே பார்த்திருந்தாள்.

வந்தவர்கள் வழக்கம்போல மூச்சை இழுத்தார்கள், இளகினார்கள். திரைச்சீலை, நாற்காலி மெத்தை, அவள் துப்பட்டா, தலைமுடி எல்லாவற்றிலும் மூன்று வருட லாவண்டர் ஊறிக் கிடந்தது. அதிலேயே கிடக்கும் அவளுக்கு மட்டும் வாசமும் தெரியவில்லை, நிம்மதியும் இல்லை.

தம்பிதுரை மறுபடி வந்தார்.

"மோட்டார் இன்னும் ஆகலீங்கண்ணா. நாலு வார்த்தை திட்டிப்போட்டுப் போங்க" என்று கெஞ்சினாள்.

"உங்களைப் போயி எப்படீங்க திட்டறது? இங்க வந்து உக்காந்தா ஊட்டு நெனப்பே வாரதில்லீங்க."

மாதத்தின் கடைசி நாள் மேனேஜரிடம் போய் உண்மையை உடைத்தாள். "சார், இருபது நாளா எண்ணெயே ஊத்தலீங்க. அந்த ரூம்ல யாரு உக்காந்தாலும் நடக்குமுங்க. என்னை அனுப்பிப்போடுங்க."

கிருபாசங்கருக்கு முகம் சிவந்தது. எழுந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் மூச்சை இழுத்தார். உட்கார்ந்தார்.

"அப்ப வாசம் உங்கிட்டயே இருக்குதும்மா" என்றார் சாந்தமாக. "மெஷின்தான் தண்டம்."

மறுநாள் மாறுதல் உத்தரவு வந்தது. சோமனூருக்கு. மெஷினுக்கு.

அட்டைப்பெட்டியில் அதை வைத்துக் கட்டி, மேலே தன் ஊர்ப் பெயரை மோகனப்பிரியாவே எழுதினாள்.