இரும்புச்சத்து: நூறு சதவீதம்

முக்கூடலில் ஒரு சத்துமாவுக் கம்பெனியில் லேபிள் தயாரிப்பது என் வேலை. மாவில் இரும்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று ஆய்வகத்திலிருந்து தாள் வரும். அது ஒருவருடைய ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று நான் கணக்குப் போட்டு அச்சுக்கு அனுப்புவேன். இரும்பு ஆணைவிடப் பெண்ணுக்குக் கூடுதலாகத் தேவை. யாருடைய தேவையை நூறாக வைப்பது என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஆம்பளை அளவையே போடும்மா. சதவீதம் கூடுதலாத் தெரியும்லா."

போட்டேன்.

சில மாதங்கள் கழித்து, ராதாபுரத்திலிருந்து ஒரு பெண் கம்பெனிக்குப் போன் செய்து, லேபிள் எழுதியவரைக் கேட்டாள்.

"எங்க அக்கா லேபிளப் பாத்துதான் சாப்பிடுதா. நூறுக்கு மேல ஒரு வாய் எடுக்க மாட்டேங்கா. எழுதுன நீங்களே ஒருக்க வந்து சொல்லுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். உச்சி வெயில், தெருவில் ஆளே இல்லை. தங்கைக்காரி வாசலிலேயே வாயில் விரலை வைத்தாள்.

"பைய வாங்க. கணக்குக் கூட்டிட்டிருக்கா."

உள்ளறையின் நான்கு சுவரிலும் லேபிள்கள். பிஸ்கட், பால் பவுடர், எண்ணெய் என்று எல்லாவற்றையும் வெட்டி, வரிசை பிசகாமல் ஒட்டியிருந்தாள் அந்த அக்கா. நாற்பது வயதிருக்கும். நகங்கள் காகிதம்போல வெளுத்திருந்தன. கையில் எங்கள் சத்துமாவுக் கஞ்சி. சுவரைப் பார்த்தபடி உதடுகள் அசைந்தன. பாதித் தம்ளரில் நிறுத்தினாள்.

"நூறு ஆயிட்டு."

நான் சொன்னேன்: "அக்கா, உங்களுக்கு அது நூறு இல்ல. நான் ஆம்பளைக்குள்ள அளவை வச்சுப் போட்டிருக்கேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். கோபமே இல்லை. பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பம் இத்தனை நாளும் நான் யாருக்குச் சாப்பிட்டேன்?"

தங்கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூவரும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே முதலாளியிடம் சண்டை போட்டு, பெண்ணின் தேவையை நூறாக வைத்து லேபிளை மாற்றினேன். அவர் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை பேசினாள். டாக்டரிடம் காட்டுகிறார்களாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம், அக்கா இப்போது சோறு சாப்பிடுகிறாளாம்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"ஆமா. ஆனா ரெண்டு தட்டு வைக்கச் சொல்லுதா, ஒண்ணு அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால."

"ரெண்டாவது தட்டு யாருக்கு?"

"கேட்டா சிரிக்கா" என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மொதல்ல அந்தத் தட்டுலதான் போடணுமாம்."