ஐந்தாவது கை

சேர்மனுடைய பழைய கார் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த எங்களையெல்லாம் முள்வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்து, ஊருக்கென்று ஒரு கவுன்சிலும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். சேர்மன் கட்சிக்கு நான்கு, எதிர்க்கட்சிக்கு மூன்று. மீதி இரண்டு பேர் எந்தக் கட்சியிலும் சேராத தமிழர்கள்: தையல்காரரான என் வீட்டுக்காரரும், பக்கத்து வீட்டில் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரும். பட்ஜெட் நிறைவேற ஐந்து கை தூக்க வேண்டும். சேர்மனுக்கு ஒரு கை குறைந்தது. அதற்காக அவர் டிரெஸ்ஸர் வீட்டுக்குத்தான் போனார். டிரெஸ்ஸருக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியுமே. என் வீட்டுக்காரருக்கும் கை இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டியிருந்தது. கிணறு வேலிக்கு வெளியே. கேட்டில் வரிசையில் நின்று, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று காவலாளி காலி வாளியையும் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் போக முடியும். ஊரடங்குக்கு முன் திரும்பிவிட வேண்டும். நான் அப்போது ஏழு மாதம். குழாய் என் வீட்டுப் பக்கம் வர வேண்டும் என்று நான் நினைத்தேன். தன் வீட்டுப் பக்கம்தான் வர வேண்டும் என்று டிரெஸ்ஸர் பெண்சாதி நினைத்தாள்.

பலகைச் சுவரில் காதை வைத்தால் எல்லாம் கேட்கும். டிரெஸ்ஸர் குழாயோடு சாக்கடையும் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார். அவள் தேத்தண்ணி கலக்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம், நமக்குச் சாக்கடை வேண்டாம், குழாய் மட்டும் போதும் என்று சேர்மனிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

"ஓட்டு என்ன கத்திரிக்காயா, வெல கொறச்சு விக்க?" என்றார்.

நான் சோறு போடாமல் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கார் எங்கள் வாசலில் நின்றது. தெருவே பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தேன். டிரெஸ்ஸர் பெண்சாதி துணி காயப்போடுகிற சாக்கில் எட்டி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

எதிர்க்கட்சிக் கடைக்காரர் ஒருவர் நல்ல புத்தி சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்றால் சேர்மன் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் சேர்ந்து பட்ஜெட்டையே கவிழ்த்துவிடலாம் என்றார். அந்த வீட்டோடு சேர்ந்து நிற்பதைவிடக் கிணற்றுக்கே நடக்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

அவள் மட்டும் சும்மா இருப்பாளா? குழாய் அடுத்த வருஷம் வந்தாலும் போதும், தன்னைத் துணைச் சேர்மன் ஆக்கினால் கை தூக்குகிறேன் என்று டிரெஸ்ஸர் இறங்கிவிட்டார். கார் மறுபடியும் அங்கே போனது. எங்களுக்கும் அடுத்த வருஷம் போதும், பதவியும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். தண்ணிக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். இத்தனை நாள் சுமந்தவள் இன்னும் ஒரு வருஷம் சுமக்க மாட்டேனா என்றேன்.

கூட்டம் முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பட்ஜெட் நிறைவேறிவிட்டது. சேர்மனுக்கு வேண்டியவர் என்ற பெயர் எங்களுக்குப் போய்விடக் கூடாதென்று டிரெஸ்ஸரும் கடைசியில் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஐந்து கை வேண்டிய இடத்தில் ஆறு கை. பணமெல்லாம் பசார்க் கடைத்தெரு விளக்குக்கும் சேர்மன் வீட்டுப் பக்கத்துப் பாலத்துக்கும் போய்விட்டது. குழாயைப் பற்றி இவர் கேட்டதற்கு, நீங்கள் இரண்டு பேருமே அடுத்த வருஷம் போதும் என்றுதானே சொன்னீர்கள் என்று சேர்மன் சிரித்தாராம்.

மறுநாள் காலை கேட் வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள், இரண்டு கையிலும் வாளியோடு. பார்த்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அவள் வீட்டுப் பக்கமும் குழாய் வரவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்ல லா, தங்கச்சி. ஒன் பக்கமும் வரலைல்ல."

அதையும் அவளே முந்திக்கொண்டாள்.