நோரீன் திரட்டிய அணி

கையாலும் காலாலும் பந்தை ஆடும் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில், எங்கள் மாவட்டத்துப் பெண்கள் அணியைக் கலைக்கப் போகிறார்கள் என்பதை நோரீன் கில்ராய் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவில்தான் கேட்டாள். வானிலைச் செய்திக்கு முன்னால் ஒரே ஒரு வரி. ஆட ஆள் இல்லையாம். இருபது வயதிலிருந்து அந்த அணிக்குக் கோல் காத்தவளுக்கு யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை. வேனை ஓரங்கட்டிவிட்டு, மாவட்டச் சங்கத்தின் செயலாளரைக் கூப்பிட்டாள்.

"ஆள் இருந்தா அகில அயர்லாந்துப் போட்டிக்குப் பேர் குடுப்பீங்களா?"

"எங்கேம்மா இருக்காங்க? பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுல, பாதிப் பேர் கைக்குழந்தையோட."

"நான் கொண்டு வர்றேன். புது வருஷம் வரைக்கும் நம்ம பேரை அடிச்சுடாதீங்க."

ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊர்க் கடைகளுக்கும் ரொட்டி போடுகிறவள் அவள். அந்தக் குளிர்காலம் முழுக்க, தட்டுகளை இறக்கிவைத்த கையோடு, "இங்க ஓடத் தெரிஞ்ச பொண்ணு யாராச்சும் இருக்காளா?" என்று கேட்டாள். நானும் அப்படித்தான் மாட்டினேன். கடைக் கல்லாவில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினியே, பார்த்தேன். வியாழக்கிழமை மைதானத்துக்கு வந்துடு" என்றாள். மறுக்கத் தோன்றவில்லை.

ஆனால் ஒருத்தி வராமல் ஒன்றும் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். க்ரான்யா டெவானி. எங்கள் மாவட்டத்தில் அவளைப்போல் கோல் அடிக்கிறவள் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன், அவளுடைய ஊர்க் கிளப்பும் நோரீனின் ஊர்க் கிளப்பும் மோதிய இறுதி ஆட்டத்தில் அவள் முழங்கை பட்டு நோரீனின் மூக்கு உடைந்தது. அன்றோடு பேச்சு நின்றது. க்ரான்யா மாவட்ட அணிக்கு வருவதும் நின்றது.

நோரீன் நேராக அவளுடைய சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று வேனில் நானும் கூடப் போயிருந்தேன், கதவருகே நின்றேன்.

"முடி வெட்டணுமா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள் க்ரான்யா.

"நுனியை மட்டும். முழங்கையைக் கொஞ்சம் பார்த்து வச்சுக்கோ."

முடி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள்.

"இன்னும் அதையே சொல்லிட்டுத் திரியுறியா? நீதான்டி குறுக்க வந்து விழுந்தே."

"சரி, விழுந்தேன். இப்ப மாவட்டத்துக்கு ஆட வா."

"வாரம் ரெண்டு தரம் உன் மூஞ்சியைப் பார்க்கணுமா?"

"நீ அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில. நான்தான் உன் முதுகைப் பார்த்துட்டு நிக்கணும்."

க்ரான்யா சிரித்துவிட்டாள். கத்தரியை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உள்ள வர தைரியம் இல்லாம, கார்லயே உட்கார்ந்துட்டுத் திரும்பிட்டேன்" என்றாள்.

நோரீனுக்கு அது தெரியாது. "வியாழக்கிழமை. ஏழு மணி" என்று மட்டும் சொன்னாள்.

கோடையில் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் எங்களைப் பந்தாடிவிட்டார்கள். நோரீனின் வலைக்குள் ஐந்து கோல். ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி; கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. திரும்பும் பஸ்ஸில் க்ரான்யாதான் எழுந்து, "எங்கேயாவது நிறுத்துங்கப்பா. தோத்தவளுக்கும் பசிக்கும்ல?" என்றாள்.

வறுத்த மீன் கடையில் அவர்கள் இருவரும் உப்புக் குப்பியையும் சாஸ் பாக்கெட்டுகளையும் மேஜையில் பரப்பிச் சண்டை போட்டார்கள்.

"கோல்லேர்ந்து நடுவுலயே உதைக்கறே, அவளுங்க நெட்டையா நின்னு பிடிச்சுக்கறாளுங்க. வலது ஓரத்துக்கு அடி" என்றாள் க்ரான்யா.

"அங்க யாரு இருக்கா?"

"நான் இறங்கி வர்றேன்."

"கோல் அடிக்கறவ அவ்வளவு தூரம் ஓடி வருவியா?"

"நீ அடி. வர்றேனா இல்லையான்னு பாரு."

வந்தாள். அடுத்த ஆட்டம் சமன். அதற்கடுத்ததில் ஜெயித்தோம். எப்படியோ தொற்றிக்கொண்டு அரையிறுதிக்குள் நுழைந்தோம். அன்று நல்ல மழை. நோரீனின் கணவன் கோல்ம், மாடுகளைத் தவிர வேறொன்றும் அறியாதவன், வேலியோரம் நின்று மாட்டை விரட்டுவதுபோல் "ஹோய்! ஹோய்!" என்று கத்திக்கொண்டிருந்தான். இரு பக்கமும் சம புள்ளி. கடைசி நிமிஷத்தில் நெஞ்சுயரம் வந்த பந்தை நோரீன் விழுந்து தடுத்தாள். எழுந்ததும் வலது ஓரத்துக்கு உதைத்தாள். க்ரான்யா அதைப் பிடித்து, இரண்டு பேரைத் தாண்டி ஓடி, குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்பினாள். ஒரு புள்ளி. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. கோல்ம் வேலியைத் தாண்டி வந்து தப்பான பெண்ணைக் கட்டிப்பிடித்தான். அது நான்தான்.

இறுதி ஆட்டம் டப்ளினில், நாட்டிலேயே பெரிய மைதானமான க்ரோக் பார்க்கில். ஊரில் வைக்கோல் உருளைகளுக்கெல்லாம் எங்கள் அணியின் நிறத்தைப் பூசியிருந்தார்கள். நான் கடைசிப் பத்து நிமிஷம் ஆடினேன். இரண்டு தடவை பந்தைத் தொட்டேன். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

நோரீன் கோல் முன்னாலேயே மல்லாந்து கிடந்தாள். க்ரான்யா மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுந்திருடி, டிவியில காட்டறாங்க."

"காட்டட்டும். அடுத்த வருஷமும் வருவியா?"

"கூப்பிடாமலே வருவேன். இன்னும் ரெண்டு புள்ளி, அவ்வளவுதானே?"

ஜனவரியில் முதல் பயிற்சிக்குப் போனபோது மைதானத்துக்கு வெளியே சாலை நெடுக கார்கள் நின்றன. யாரோ செத்துப்போய்விட்டார்களோ என்று பயந்தேன். உள்ளே தூறலில் நாற்பது பெண்களாவது இருப்பார்கள். பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. பயிற்சியாளர் எல்லோருக்கும் பந்து போதாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

நோரீன் என் காதருகே வந்தாள். "அதுல ரெண்டு பேர் கோல்கீப்பராம். இருபது வயசுகூட ஆகல. கிழவி ஒதுங்கிப்பான்னு நினைக்கறாளுங்க போல."

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது. கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டு, அந்த இருவருக்கும் முன்னால் கோலை நோக்கி ஓடினாள்.