கால் வைத்த இடம் மட்டும் ஊறவில்லை

சிறு வயதில் அப்பா சொன்ன கதைகளில் மாட்டிக்கொண்ட பிராணி எப்படியும் தப்பித்துவிடும். எனக்குப் பிடித்தது ஆமைக் கதை. நரியிடம் அகப்பட்ட ஆமை, "என் ஓடு கெட்டி, தண்ணியில ஊறப்போட்டுத் தின்னு" என்று சொல்லும். நரி அதைக் குளத்தில் போட்டு, ஓடிவிடாதபடி ஒரு காலால் மிதித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து ஆமை, "எல்லாம் ஊறிட்டு. உன் கால் இருக்க இடம் மட்டும்தான் ஊறல" என்னும். நரி காலை எடுக்கும். அவ்வளவுதான்.

நரி இவ்வளவு மடையனா என்று அப்போது விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்போது எனக்கு நரி மேல்தான் இரக்கம். இந்தக் கதைகளைக் கட்டியவர்கள் யாரும் ஒரு ஆளை வீட்டில் வைத்துக் காவல் காத்திருக்க மாட்டார்கள்.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சில வருஷமாக ஞாபகம் குழம்பிவிட்டது. பாளையங்கோட்டையில் என்னோடுதான் இருக்கிறார். ஒருநாள் காணாமல் போய், நாங்குநேரி பஸ் ஸ்டாண்டில் செருப்பில்லாமல் நின்றவரைத் தெரிந்தவர் ஒருவர் கூட்டிவந்தார். அன்றிலிருந்து வாசல் கேட்டுக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

அதற்கப்புறம் தினமும் ஒரு தந்திரம். கண்ணாடியைக் கோயிலில் வைத்துவிட்டேன், எடுத்து வருகிறேன் என்பார்; கண்ணாடி மூக்கில் இருக்கும். களக்காட்டிலிருந்து வாழைக்குலை வந்திருக்கிறது, இறக்க வேண்டும் என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "இன்னைக்கு பஸ் ஓடலப்பா" என்பேன். பொறுமை போன நாட்களில் கத்தியும் இருக்கிறேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டி, காய் நறுக்கும் கத்தியோடு கேட் அருகே நின்றார்.

"எம்மா, நாளைக்குக் கோயில் அசனம். காய் வெட்டக் கூப்பிடுதாவ. பைய போயிட்டு வந்திருதேன்."

அசனம் எங்கள் சர்ச்சின் பண்டிகை விருந்து; சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடும். முந்தின நாள் ஆண்கள் கூடிக் காய் வெட்டுவார்கள். அப்பா ஒரு வருஷமும் தவறியதில்லை. நான் கோயிலுக்குப் போயே பல வாரம் ஆகியிருந்தது. இவரை விட்டுவிட்டு எங்கே போவது?

கத்தியைப் பிடுங்கினேன். "எத்தனை பொய்தான் சொல்லுவிய? உள்ள போய் இருங்க!"

கொஞ்ச நேரத்தில் கேட்டைத் தட்டினார்கள். சபைக்காரர்கள் இரண்டு பேர். "அண்ணாச்சி இல்லாம எந்த வருஷம் பூசணிக்கா வெட்டிருக்கோம்? கூட்டிட்டுப் போலாம்னு வந்தோம்."

பூட்டைத் திறந்து கேட்டை அகல விரித்தேன். "அப்பா, வாங்க. நெசமாத்தான் கூப்பிடுதாவ."

அவர் கட்டிலை விட்டு அசையவில்லை. வந்தவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"வேண்டாம்மா. நான் இங்கனயே இருக்கேன். நீ ஏசுவ."

அன்றோடு தந்திரமெல்லாம் நின்றுபோனது. பூட்டை எடுத்துவிட்டேன், அவர் கேட் பக்கமே போவதில்லை. நேற்று மனசு ஆறாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கண்ணாடியக் கோயில்ல வச்சிட்டு வந்துட்டியளாப்பா?" என்று கேட்டேன்.

அவர் அவசரமாக மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"இல்லம்மா, இங்கனதான் இருக்கு" என்றார்.