வெள்ளிப் பெயின்ட் அடித்த நங்கூரம்

எங்கள் ஊர் ஏரிக் குழுத் தலைவர் பொய் சொன்னார். படகோட்டி குடித்திருந்தான், அதனால்தான் படகு காற்றில் அடித்துக்கொண்டு போனது என்று ஊர் முழுக்கக் கேட்க மைக்கில் சொன்னார். இன்று வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் படகில் நான் இருந்தேன். என் மகள் இருந்தாள், என் தங்கை இருந்தாள். தலைவர் இல்லை. அவர் கரையில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது போன ஆடிப் பெருக்கன்று, தர்மபுரி மாவட்டத்தில், இண்டூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ஏரியில். ஆனால் நான் அதற்கும் முன்னால் ஒரு கிரில் பட்டறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தப்பு அங்கேதான் நடந்தது.

எங்கள் ஏரி பல வருஷம் காய்ந்து கிடந்தது. உள்ளே சீமைக் கருவேலம்தான் காடாக வளர்ந்திருந்தது. நல்ல மழை பெய்து ஏரி நிறைந்ததும் ஆளுக்கு ஆள் சந்தோஷம். ஏரிக் குழு பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் சுற்றிப் பார்க்க வருவார்கள், ஊருக்கு வருமானம் என்றார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு வந்து படகை ஒப்படைத்தார்கள்.

என் தக்காளித் தோட்டத்தில் பன்றி புகுந்து நாசம் செய்ததால், கேட் செய்யச் சொல்ல அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். அப்போது தலைவரும் படகோட்டியும் வந்தார்கள். தலைவர் செல்போனில் ஒரு படத்தைப் பட்டறைக்காரரிடம் காட்டினார்.

"இப்புடி ஒரு நங்கூரம் வேணும். கேட்டுக்குப் போடறீங்களே, அந்த பைப்புலயே செஞ்சுருங்க. வெள்ளிப் பெயின்ட் அடிங்க. தொறப்பு விழா போட்டோவுல பளிச்சுனு தெரியணும்."

படகோட்டிக்கு வாய் சும்மா இருக்காது. "தலைவரே, பைப்பு உள்ள வெறும் காத்து. இத போட்டா அடியில குத்தி நிக்காது, கோலம் போட்டுக்கிட்டே பின்னால வரும். கெட்டிக் கம்பியில செய்யச் சொல்லுங்க. கொக்கி சேத்துல எறங்கிப் புடிக்கணும். கொஞ்சம் சங்கிலி, அதுக்கு மேல நீளமாக் கயிறு. அவ்ளோதான் நான் கேக்கறது" என்றார்.

"இது என்னடா, கடலா? நீ என்ன கப்பலா ஓட்டப் போற? இந்த ஏரிக்குள்ள நான் கிரிக்கெட்டு ஆடியிருக்கறன். எனக்குத் தெரியாத ஆழமா?"

"நீங்க ஆடறப்ப தண்ணி இல்லீங்களே தலைவரே. இப்ப எறங்கி ஒரு ஓவர் போட்டுட்டு வாங்க பாக்கலாம்."

பட்டறையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. படகோட்டி பின்னால் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தச் சிரிப்புதான் காரணமோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு.

பட்டறைக்காரர் நியாயமாகத்தான் சொன்னார். "எனக்கு கேட்டு தெரியும், கிரில்லு தெரியும். நங்கூரத்துக்கெல்லாம் நான் கேரண்டி குடுக்க முடியாதுங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்னக்கா, படத்துல பாத்தீங்கல்ல? எடுப்பா இருக்கும்ல?"

"பாக்கறதுக்கு எடுப்பாத்தான் இருக்கும். படகப் புடிச்சு நிறுத்துமா?" என்றேன்.

"நீங்க போயி பன்னிய நிறுத்துங்கக்கா, படகு நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திறப்பு விழாவில் அந்த நங்கூரத்தை மேஜை மேல் வைத்து மாலை போட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். தலைவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு ஆள் அவ்வளவு சுலபமாகத் தூக்குகிற நங்கூரம் காற்றில் என்ன செய்யும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. லாரி லோடுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற பழைய நைலான் கயிறு ஒன்றை அதில் கட்டினார்கள். அதுவும் நேராக விட்டால் அடியைத் தொடுகிற நீளம்தான். "கயிறு சாஞ்சு கெடந்தாத்தான் கொக்கி மண்ணுல புடிக்கும், இப்புடி நெட்டா நின்னா காத்து படகத் தள்ளறப்ப நங்கூரத்தையும் சேத்துத் தூக்கிரும்" என்று படகோட்டி கத்தினார். நாதஸ்வரச் சத்தத்தில் அது யார் காதில் விழும்?

என் மகளுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். பதினெட்டாம் பெருக்கன்று புதுப்பெண்களுக்குத் தண்ணீர்க் கரையில் வைத்துத் தாலிக் கயிறு மாற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருஷம் தலைவர் அதில் ஒரு புதுமை செய்தார். புதுப்பெண்களைப் படகில் அழைத்துப் போய், நடு ஏரியில் நிறுத்தி, அங்கேயே பூஜை செய்து கயிறு மாற்றலாம் என்று மைக்கில் அறிவித்தார். என் மகள் ஆசைப்பட்டாள். போனோம்.

எங்கள் முறை வந்தபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆடிக் காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. படகோட்டி நேராகத் தலைவரிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"காத்து தூக்குதுங்க தலைவரே. ஓரமா ஒரு சுத்து சுத்திட்டு வரன். அந்த நங்கூரத்த நம்பி நடுவுல நிறுத்த மாட்டன்."

"மைக்குல சொல்லியாச்சு. இப்ப முடியாதுன்னா என் மரியாத என்ன ஆகறது? ஓட்டறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

படகோட்டி திரும்பி வந்து படகில் ஏறினார். அவர் குடிக்கிறவர்தான், நான் மறைக்கவில்லை. சாயங்காலம் ஆனால் குடிப்பார், ஊருக்கே தெரியும். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு லேசாக அவர் மேல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்றைக்கு அவருக்கு இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பீடி நாற்றமும் இன்ஜின் ஆயில் நாற்றமும்தான் வந்தது. வேறு எதுவும் இல்லை.

நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டார். கழுத்தில் கயிறு மாற்ற வேண்டுமானால் மிதவைச் சட்டையைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? என் மகள் கழற்றி வைத்தாள். தங்கை பழைய கயிற்றிலிருந்து தாலியை உருவிப் புதுக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். காற்றில் கற்பூரம் பற்றவே இல்லை.

"கல்யாணத்துக்கே இவ்ளோ நேரம் ஆகியிருக்காது. சீக்கிரம் கட்டுங்கக்கா" என்று படகோட்டி சிரித்தார். ஆனால் அவர் கண் எங்கள் மேல் இல்லை, கயிற்றின் மேல் இருந்தது.

நான் கரையைப் பார்த்தேன். எங்களுக்கு நேராக இருந்த புளியமரம் தள்ளிப் போய்விட்டிருந்தது. மரமா நடக்கும்? நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம். நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியே விழும் கோடிச் சுவர்ப் பக்கமாக. அந்தச் சுவருக்கு அந்தப் புறம் வெறும் பாறை.

"புடிக்கல. இழுத்துக்கிட்டு வருது" என்றார் படகோட்டி. இன்ஜினைப் போட்டார். படகு நகர்ந்ததில் தொய்ந்துபோன அந்தக் கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் ஒரு உறுமலோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கோடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

"சட்டைய மாட்டு பாப்பா! தாலிய அப்பறம் பாக்கலாம்!" என்று அவர் கத்தினார். மகளுக்கு நான்தான் மாட்டிவிட்டேன். தங்கை தாலியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, ஆத்தா ஆத்தா என்று அலறிக்கொண்டிருந்தாள்.

கோடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சீமைக் கருவேலத்தின் தலை தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. படகைக் கரையில் கட்டுகிற கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் குதித்தார். நீந்திப் போய் அந்த முள்ளை அப்படியே கட்டிப் பிடித்தார். கயிற்றை ஒரு தடித்த கிளையில் சுற்றினார். படகு ஒரு வெட்டு வெட்டி, திரும்பி, நின்றது. வேண்டாத மரம் என்று எல்லோரும் திட்டுகிற மரம்தான் அன்றைக்கு எங்களைப் பிடித்துக்கொண்டது. கரையிலிருந்த ஆட்கள் லாரி டியூப்பையும் கயிற்றையும் போட்டு எங்களை இழுத்தார்கள். முகம் தெரியாத ஆட்கள். அவர்களுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

கரைக்கு வந்ததும் விசிறியில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்து நங்கூரத்தை வெளியே எடுத்தார்கள். கொக்கி இரண்டும் நிமிர்ந்துபோய் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. பைப்புக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகியது. குங்குமப் பொட்டு மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் துணியில் ஈரம்கூடப் போகவில்லை, தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். படகோட்டி குடிபோதையில் இருந்ததால் இப்படி ஆகிவிட்டது, இனி அவருக்குப் படகில் வேலை இல்லை என்றார்.

"யாருங்க குடிச்சது? நான் பக்கத்துல உக்காந்திருந்தன்!" என்று கத்தினேன்.

"பயத்துல பேசறீங்கக்கா. வூட்டுக்குப் போயி படுங்க" என்றார்.

படகோட்டி கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க முள் உடைந்து உள்ளே நின்றது. அந்த நிலையிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை. "குடிச்சிருந்தா ரெண்டு மரம் தெரிஞ்சிருக்கும் தலைவரே. இல்லாத மரத்தப் புடிச்சிருப்பன்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பிறகு அதே நாலு பேர்தான், "பாரு, அவனே குடியப் பத்திதான் பேசறான்" என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். வாட்ஸ்அப்பில் அவர் போட்டோவைப் போட்டு, புதுப்பெண்ணைச் சாகடிக்கப் பார்த்த குடிகாரன் என்று எழுதினார்கள். அந்தப் புதுப்பெண்ணைப் பெற்றவள் நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படகோட்டி திரும்பப் பரிசலுக்குப் போனார். ஆள் ஏற்றிப் போகிற இடத்தில் அந்தப் பெயரோடு அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது தக்காளி மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கிரேடு பெட்டி தூக்குகிறார். முள் சீழ் வைத்ததில் இரண்டு விரல் சரியாக மடங்காது. போன வாரம் என் கிரேடை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "குடிகாரன்னா சிரிச்சுக்குவன் யக்கா. நெசந்தான அது. தண்ணியில ஆள ஏத்தத் தெரியாதவன்னு சொல்றாங்க பாருங்க, அதத்தான் என்னால முழுங்க முடியல."

பொங்கல் முடிந்து படகை மறுபடி விட்டார்கள், வேறு ஓட்டுநரை வைத்து. நான் ஏறவில்லை, கரையில் நின்று பார்த்தேன். படகில் புது நங்கூரம் இருந்தது. கெட்டி இரும்பு, கருப்பு நிறம், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. கூரான கொக்கி. முன்னால் சங்கிலி. அதற்கு மேல் சுருட்டி வைத்த நீளமான கயிறு. பட்டறையில் அந்த மனுஷன் என் காது கேட்க வாய்விட்டுக் கேட்டது அத்தனையும் இருந்தது. இந்தத் தடவை மாலை இல்லை, தேங்காய் இல்லை, போட்டோவும் இல்லை. சத்தம் போடாமல் மாற்றிவிட்டார்கள். அந்தக் கருவேல மரத்தையும் ஏரி அழகு கெடுகிறது என்று வெட்டிவிட்டார்கள்.

என் மகள் நல்லபடியாக இருக்கிறாள். அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், அது அங்கே இருப்பதற்காக ஒருவர் தன் கையையும் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு உறைக்கிறது. கையை என்னால் திருப்பித் தர முடியாது. பெயரைத் திருப்பித் தரத் தலைவரால் முடியும். ஆகையால் தலைவரே, வருகிற ஊர்க் கூட்டத்தில், அதே மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்: குடிதான் காரணம் என்றால், நங்கூரத்தை எதற்கு மாற்றினீர்கள்?