கிணற்றுக்குள் இறங்கிய கேஸ் மீட்டர்

அது எண்பத்து மூன்றா, எண்பத்து நான்கா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்றும் தகராறு. நான் எண்பத்து மூன்று என்பேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. கம்பம் சாலை முழுக்க ராட்டினச் சாமான் ஏற்றிய லாரிகள். அவற்றுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுருளிப்பட்டியில் அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மலையில் சுரங்கப்பாதை தோண்டும் ஒரு கான்ட்ராக்டரிடம் அப்போது எனக்கு வேலை. கருவிகளெல்லாம் என் பொறுப்பு. பெட்டிக்குள் இருந்தது கேஸ் மீட்டர். செங்கல் அளவு, தோலுறை போட்டது. ஆக்சிஜன், தீப்பிடிக்கும் வாயு, கார்பன் மோனாக்சைடு மூன்றையும் காட்டும். எது எல்லை தாண்டினாலும் கத்தும். முகாமில் மின்சாரத்தை நம்ப முடியாததால் ஞாயிறுதோறும் சார்ஜ் போட அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவேன். அதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்த நாளே இல்லை. ஆக்சிஜனை அளக்கும் செல், பெட்டியில் சும்மா கிடந்தாலும் தேய்ந்துகொண்டிருக்கும். வடிகட்டியில் தூசி அடைத்தால் உள்ளே காற்று போகாது. எண்கள் சாதுவாக நிற்கும். கெட்டுப்போன கருவியும் நல்ல காற்றில் இருக்கும் கருவியும் ஒரே மாதிரிதான் மௌனமாக இருக்கும். இந்த நினைப்பு சோறு தின்னும்போதும் என்னை விடாது.

மச்சானுக்கு வேறு கவலை. திராட்சைப் பந்தலில் காய் பிடித்திருந்த நேரம், கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அதனால் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி, பாதி ஆழத்தில் வெட்டிய மேடையில் வைத்திருந்தார். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன எஞ்சின். விடியற்காலையிலிருந்து ஓடி, நான் போன நேரத்தில் நின்றுபோயிருந்தது. கடைசி நாலு வரிசைக்குத் தண்ணீர் எட்டவில்லை.

நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மச்சான் பெட்ரோல் பாட்டிலோடு கிணற்று மேட்டில் நின்றார். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டிருந்தார். மேடையருகே அது நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு எரியுது மாப்ள. காத்து நல்லாத்தான் இருக்கு."

"ஆக்சிஜன் இருந்தா விளக்கு எரியும் மச்சான். எஞ்சின் புகையில வர்ற விஷம் வேற. அது விளக்குக்குத் தெரியாது. கொஞ்சம் இருங்க."

பெட்டியைத் திறந்தேன். கருவியோடு ஒரு நீளமான ரப்பர் குழாயும் கைப்பந்தும் உண்டு. குழாயை உள்ளே விட்டுப் பந்தை அமுக்கினால் கீழே இருக்கிற காற்று மேலே வரும். குழாய் முனையை விரலால் அடைத்துப் பந்தை அமுக்கிப் பார்த்தேன். பந்து உப்பாமல் சப்பையாகவே நின்றது. ஓட்டை இல்லை. திருப்தியாகக் குழாயை இறக்கினேன். ஒரு ஆள் உயரம்கூடப் போகவில்லை, கருவி வீல் என்று கத்தியது. தீப்பிடிக்கும் வாயு!

பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பிலிருந்து, "என்னப்பா, பூனைக்குட்டிய மிதிச்சிட்டீகளா?" என்றார்.

குழாயை இழுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாடை.

"இதை யாரு எடுத்தது?"

மச்சான் பாட்டிலைப் பின்னால் கொண்டுபோனார். "பெட்டியில நல்ல குழாயா இருந்துச்சு. எஞ்சின் கிளப்பப் பெட்ரோல் இல்ல. ஒரு பாட்டில்தான் எடுத்தேன்."

"எதுல இருந்து?"

"உன் வண்டில இருந்துதான்."

பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்ததில் அவர் துண்டு தோளிலிருந்து விழுந்தது. மச்சானும் சிரித்துக்கொண்டே முதல் படியில் கால் வைத்தார். "இறங்காதீங்க" என்று கத்தினேன். குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தென்னைக்கு அந்தப்புறம், காற்று வருகிற பக்கம் ஓடினேன். எண்கள் அடங்கி, ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பதில் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு கருவியைத் தக்காளிக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி இறக்கினேன். தண்ணீரில் விழுந்தால் வேலை போகும்.

மச்சான் இறங்காமல் வேடிக்கை பார்த்தார். கூடை போகப் போகச் சத்தமில்லை. விளக்குக்குப் பக்கத்தில் போனதும் கத்தத் தொடங்கியது. மேலே இழுத்தபோதுகூடக் கார்பன் மோனாக்சைடு எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சரியாகவே இருந்தது.

"அது பெட்ரோலுக்கும் கத்தும், பீடிக்கும் கத்தும்" என்றார் மச்சான். "திராட்சை காயுது. எங்கன இந்த ஸ்டார்ட்டிங் கயிறு?"

"இங்கன இருக்கு" என்றாள் அக்கா. எஞ்சினைச் சுற்றி இழுக்கும் அந்தக் கயிற்றை முழங்கையில் சுருட்டி வைத்திருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. "காலையில மேல வந்ததும் தலைய வலிக்குதுன்னு சொன்னீக. குடிச்ச கஞ்சிய பந்தலுக்கடியில கக்குனீக."

"வெயிலு ஆத்தா."

"விடியக்காலையில என்ன வெயிலு?"

அவர் கையை நீட்டினார். அவள் கயிற்றைத் தரவில்லை.

உள்ளே தேங்கிய காற்றைக் கலைக்க வேப்பங்கிளைகளைக் கட்டாகக் கட்டிக் கிணற்றுக்குள் ஏற்றி ஏற்றி இறக்கினோம். பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்துக்கொண்டேதான் வந்து கைகொடுத்தார். கையெல்லாம் கொப்பளித்த பிறகு கூடையை விட்டுப் பார்த்தபோது சத்தமில்லை. வெளியே எடுத்து, கருவி உயிரோடுதான் இருக்கிறதா என்று பீடிப் புகையை ஊதிக் கத்த வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் விட்டேன். அப்போதும் சத்தமில்லை. மாலைவரைக்கும் காணும் அளவு மண்ணெண்ணெய் ஊற்றி, கிளப்பியதும் ஏறிவிட வேண்டும் என்ற பேச்சில்தான் அக்கா கயிற்றைக் கொடுத்தாள். மச்சான் சொன்னபடி ஏறி வந்தார்.

கூடையை விளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சினோடு சேர்ந்து அதுவும் கத்த ஆரம்பித்தது.

"அதை நிப்பாட்ட முடியாதா மாப்ள?"

"எஞ்சினை நிப்பாட்டினா ஒருவேளை நிக்கும்."

தண்ணீர் கடைசி வரிசையைத் தொட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் இருமி நின்றது. தோட்டம் அமைதியானது, கிணற்றுக்குள் கருவி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அரிக்கேன் சுடர் அசையாமல் எரிந்தது. வழக்கமாக எஞ்சின் நின்றதும் இறங்கிக் குழாய் வால்வை அடைக்கும் மச்சான், கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்தபடியே இருந்தார். சிரிக்கவில்லை.

"எப்ப நிக்கும்?"

"தெரியல மச்சான்."

எனக்கு வேறு பயம். காலையில் வந்ததும் சார்ஜ் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. சத்தம் மெலிந்து, விட்டு விட்டு வந்து, நின்றது. மச்சான் எழுந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்க. தூக்கிப் பாப்போம்."

கூடையை இழுத்தேன். கருவியின் முகம் இருட்டாக இருந்தது. எண் ஒன்றும் இல்லை. பாட்டரி தீர்ந்திருந்தது. காற்று நல்லதாகிவிட்டதா என்று சொல்ல இனி என்னிடம் ஒன்றுமில்லை.

மச்சான் செத்துப்போன கருவியைப் பார்த்தார். கிணற்றுக்குள் எரியும் விளக்கையும் பார்த்தார். பிறகு அதை மேலே இழுத்து, ஊதி அணைத்தார்.

"வால்வு விடிஞ்சு அடைச்சுக்கிறேன்" என்றார். "அதுக்குச் சார்ஜ் போடு."