கட்டம் போட்ட வரி

போன ஞாயிறு மகள் கமலா என்னைப் பூச்சோங் பக்கம் புதுசாகத் திறந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். நல்ல கடைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் என்ன வேணும் என்று கேட்க ஆள் வரவில்லை. மேசையில் ஒட்டியிருக்கிற புள்ளிக் கட்டத்தைக் கைப்பேசியில் பிடித்தால் பட்டியல் வருமாம். கமலா பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். அந்த ஈர இலை வாசம் இருக்கிறதே, அது என்னை நேராகக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்விட்டது.

கமலாவுக்கு மாப்பிள்ளை பேசிய சமயம். நாங்கள் கேரி தீவுத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர்கள், எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். லயத்தைக் காட்ட எனக்கு மனசில்லை. கௌரவம் பார்க்கிறவள் நான், இன்றைக்கும் அப்படித்தான். முதலில் கிள்ளானில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கடையில் எல்லாவற்றையும் வாயால் சொல்வார்கள், அந்தத் தைரியம்தான்.

போய் உட்கார்ந்தால், கடையில் புதுசாகப் பட்டியல் கார்டு அடித்து வைத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மா அதை எடுத்து மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ."

பள்ளிக்கூட வாசலை நான் சரியாக மிதித்ததில்லை. தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். அதை அந்த அம்மாவிடம் சொல்வதா? படிக்காத வீட்டுப் பெண் என்று எழுந்து போய்விட்டால் என் மகள் கதி என்ன? கமலா குனிந்த தலை நிமிரவில்லை. கார்டின் அடியில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டு, சுற்றிக் கட்டமும் போட்டிருந்தது. இதுதான் கடையின் விசேஷமான கறியாக இருக்கும் என்று விரலை வைத்து, "இது ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க" என்றேன். குரலில் ஒரு மிடுக்கு வேறு.

பரிமாறுகிறவர் நடுவயசுக்காரர், தோளில் துண்டு. என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது முடிஞ்சிருச்சுக்கா" என்று கார்டை மெதுவாக வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் மூச்சு விடாமல் ஆட்டுப் பெரட்டல், நண்டு, மீன் தலைக் கறி என்று அடுக்கினார். நான் ராணி மாதிரி இது வேணும், அது வேணாம் என்றேன். சாப்பிட்டு முடித்து சம்பந்தியம்மா இலையைத் தன் பக்கமாக மடித்தார். நம் ஊரில் அது திருப்தி என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் நானும் என் இலையை மடித்தேன்.

கல்யாணம் முடிந்தபின் எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. நாசி லெமாக் சோறு சுற்றி வருகிற தமிழ்ப் பேப்பரை எண்ணெயோடு விரித்து வைத்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டினேன். பாதிச் செய்தி கிழிந்திருக்கும். இன்றைக்கும் என் எழுத்து கோணல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். அதே ஆள். கார்டு எடுக்காமலே ஆட்டுப் பெரட்டல் என்று ஆரம்பித்தார். "கார்டு குடு தம்பி" என்றேன். கட்டம் போட்ட வரியில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன்.

"வெள்ளிக்கிழமை கடை விடுமுறை."

எனக்கு முகம் சுட்டது. அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "அது இன்னிக்கும் முடிஞ்சிருச்சுக்கா" என்றார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

அந்தக் கடை இப்போது கைப்பேசி விற்கிற கடை. அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பூச்சோங்கில் கமலா தலையைத் தூக்கி, "நண்டு முடிஞ்சிருச்சுலா, மா" என்றாள். நண்டின் படம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நான் சிரித்தேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். பாவம் அந்தக் கைப்பேசி, உண்மையாகவே முடிந்ததைத்தான் முடிந்தது என்று சொல்கிறது.